அப்பாவின் கணினிக்கு இலவச ஆன்டிவைரஸ் போதுமா? உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள், நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், அதே பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பென்ஷன் விவரம் பார்ப்பார், கரண்ட் பில் கட்டுவார், பேப்பர் படிப்பார், யூடியூபில் பழைய கச்சேரிகள் கேட்பார், அவ்வளவுதான். நான்கு வருடத்துக்கு முன் நான்தான் ஒரு இலவச ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதமாகத் தினமும் போன் செய்கிறார். திரையில் வலது பக்கம் கீழே சிவப்பாக ஒரு பெட்டி வருகிறதாம், உங்கள் கணினியில் 5 வைரஸ் இருக்கிறது, சந்தா முடிந்துவிட்டது, உடனே புதுப்பியுங்கள் என்று ஆங்கிலத்தில். போன வாரம் பயந்துபோய் கார்டு நம்பர் போடும் பக்கம் வரைக்கும் போயிருக்கிறார். அம்மா பக்கத்தில் இருந்து, பையனைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள் என்று தடுத்திருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

காசு கொடுத்து ஒன்றை வாங்கிவிடலாமா, வேறு இலவசம் போடலாமா, எதுவுமே வேண்டாமா? முதல் பத்து இடங்கள் என்கிற மாதிரி பட்டியல் நிறைய பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டில் எதைப் போட்டீர்கள், என்ன நடந்தது, அதை மட்டும் சொல்லுங்கள்.

பழுதுபார்ப்பவன் எழுதியது:

தம்பி, முதலில் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். அந்தச் சிவப்புப் பெட்டியின் ஓரத்தில் குரோம் சின்னமோ, ஏதாவது ஒரு வெப்சைட் பெயரோ சின்ன எழுத்தில் இருக்கிறதா? இருந்தால் அது வைரஸும் இல்லை, நீங்கள் போட்ட ஆன்டிவைரஸ் அனுப்பியதும் இல்லை. ஏதோ ஒரு தளத்துக்குப் போனபோது 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், அப்பாவும் அழுத்தியிருப்பார். அன்றிலிருந்து அந்தத் தளம் பிரௌசர் வழியாக நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டே இருக்கும், அந்தத் தளத்தை மூடின பிறகும்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாக இருக்கும், எல்லாவற்றையும் நீக்குங்கள். அப்படியே மேலே, எந்தத் தளமும் இனிமேல் அனுமதி கேட்கக்கூடாது என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் இது பெரும்பாலும் மாட்டாது, ஏனென்றால் அனுமதி கொடுத்தது நாம்தான், அதன் பார்வையில் தவறு எதுவும் நடக்கவில்லை.

திருச்சியில் 17 வருடமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வைரஸ் வந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிற பெரியவர்களின் கணினியில் இப்போதெல்லாம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். நம்மைப் பெற்றவர்கள் இப்படிப் பயந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது. இந்தச் சனிக்கிழமையே போய்ச் சரி செய்துவிடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

போன் போட்டுக் கேட்டேன் அண்ணா. கீழே ஏதோ ஒரு சைட் பெயர் இருக்கிறது என்கிறார். நீங்கள் சொன்னதேதான் போலிருக்கிறது. மிகப் பெரிய நன்றி.

ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அந்த இலவச நிரலும் தன் பங்குக்குப் பெட்டி காட்டிக்கொண்டேதான் இருக்கிறது, 'குப்பைக் கோப்புகள் நிறைய இருக்கின்றன, சுத்தம் செய்யக் கட்டணத் திட்டம் வாங்குங்கள்' என்று. எது நிஜ எச்சரிக்கை, எது விளம்பரம், எது மோசடி என்று எழுபது வயதுக்காரர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

பழுதுபார்ப்பவன் எழுதியது:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நான் கடை போட்ட 2008-இல் நிலைமையே வேறு. ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்து வாங்கினால் அதில் வைரஸ் இல்லாமல் வராது. ஃபோல்டர் மாதிரியே படம் போட்ட ஒரு புரோகிராம் கோப்பு இருக்கும், 'நியூ ஃபோல்டர்' என்று பெயர் இருக்கும், திறந்து பார்த்தால் முடிந்தது கதை. ஆட்டோரன் வழியாகச் செருகின உடனேயே தொற்றுகிற ரகமும் உண்டு. அந்த வருடம் நவம்பரில்தான் கான்ஃபிக்கர் என்ற வைரஸ் கிளம்பியது, அதுவும் பின்னால் பென் டிரைவ் வழியாகப் பரவக் கற்றுக்கொண்டது. டாஸ்க் மேனேஜர் திறக்காது, மறைந்த கோப்புகளைக் காட்டு என்றால் காட்டாது, ஒரு நாளைக்கு நான்கைந்து மெஷின் ஃபார்மட் அடிப்பேன்.

அப்போது அவாஸ்ட், ஏவிஜி, அவிரா இந்த மூன்று இலவச ஆன்டிவைரஸும்தான் தெய்வம் மாதிரி. அவாஸ்ட் அப்டேட் முடித்துவிட்டு ஒரு பெண் குரலில் சொல்லும், நினைவிருக்கிறதா? அவிராவில் ஸ்கேன் பெட்டிக்குப் பெயர் லூக் ஃபைல்வாக்கர். காசு கொடுத்து வாங்க முடியாத எத்தனையோ மாணவர்களின் பிராஜெக்டை இவை காப்பாற்றியிருக்கின்றன, அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். 2009 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டே செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற ஆன்டிவைரஸை இலவசமாகக் கொடுத்தது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டா மெஷின்களிலும் பென் டிரைவ் ஆட்டோரனை நிறுத்தும் அப்டேட் பரவலாகப் போனது, அதற்கப்புறம்தான் கடையில் கொஞ்சம் மூச்சு விட்டேன். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே வருகிறது.

ஆரம்பத்தில் அது சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். 2012, 13 வாக்கில் ஏவி-டெஸ்ட் மாதிரி சோதனைக் கூடங்களில் மைக்ரோசாஃப்டுக்குக் கடைசி வரிசைதான். ஆனால் விண்டோஸ் 10 வந்து சில வருடங்களில் தேறிவிட்டது, இப்போது அதே கூடங்களில் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. என் அம்மாவின் கணினியில் ஏழு வருடமாக அது மட்டும்தான் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. அது எதையும் விற்க வராது என்பதுதான் பெரியவர்களுக்கு முக்கியமான விஷயம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஈரோட்டில் வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி. இலவச ஆன்டிவைரஸ் ஒன்று வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாள், 20-ஆம் தேதி மாலை, டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிற டிஎஸ்சி டோக்கனின் மென்பொருளைத் தூக்கித் தனிமைச் சிறையில் போட்டுவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. டோக்கன் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு போர்ட்டில் செருகி, டிரைவரை மறுபடி போட்டு, அதுவும் மறுபடி மாயமாகி, இரவு பத்தரை மணிக்குத்தான் குவாரன்டைன் பட்டியலைப் போய்ப் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு மூன்று பேர் என்னை நம்பிக் காத்திருந்தார்கள்.

இப்படித் தவறாகப் பிடிப்பது எல்லா நிறுவனத்துக்கும் நடந்திருக்கிறது. 2008 நவம்பரில் ஏவிஜி விண்டோஸின் சொந்தக் கோப்பு ஒன்றையே ட்ரோஜன் என்று சொல்லி, நீக்கியவர்களின் கணினி திறக்காமல் போனது. 2010 ஏப்ரலில் மெக்காஃபி, அது காசு கொடுத்து வாங்குவது, எக்ஸ்பியின் முக்கியமான கோப்பு ஒன்றைப் பிடித்து உலகம் முழுக்க அலுவலகங்கள் முடங்கின. அதனால் காசு கொடுத்தால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்க வேண்டாம். எது பிடிபட்டது, எங்கே போய்ப் பார்ப்பது, எப்படி மீட்பது என்பதை வீட்டில் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர்கள் கவனியுங்கள். இந்த இலவசப் பதிப்புகளில் பல, வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று உரிமத்திலேயே சொல்லியிருக்கும். கடையில், ஆபீஸில் போட்டால் விதிமீறல். நான் அதற்கப்புறம் சென்னைக்கார கே7 ஆன்டிவைரஸ் வாங்கிக்கொண்டேன், தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இருக்கிற நிறுவனம். தொழில் கணினிக்குக் காசு கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அப்பாவின் கணினிக்கு அவசியமா என்றால், தேவையில்லை என்றுதான் சொல்வேன்.

இரவுப்பணி எழுதியது:

இலவசம் என்றால் அவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று யாருமே கேட்கவில்லையே. கேளுங்கள்.

அவாஸ்ட் விஷயம் பலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். அவர்களுடைய துணை நிறுவனம் ஜம்ப்ஷாட். அவாஸ்ட் போட்டவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள், எதைத் தேடினார்கள், எதை அழுத்தினார்கள் என்ற விவரத்தைத் திரட்டி மற்ற நிறுவனங்களுக்கு விற்றது. 2020 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள், சில நாட்களில் ஜம்ப்ஷாட்டை மூடிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது, விளம்பரத்துக்காக இனி அந்த விவரத்தை விற்கக்கூடாது என்றும் சொன்னது. பெயரை நீக்கிவிட்டுத்தான் விற்றோம் என்பது அவர்கள் வாதம். ஒருவர் பார்த்த பக்கங்கள் அத்தனையும் நேரத்தோடு வரிசையாக இருந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. நம்மைக் கண்காணிப்பவர்களைத் தடுப்பேன் என்று சொல்லித்தான் அந்த நிரல் வீட்டுக்குள் வந்தது, எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. நானும் 2013-லிருந்து அதைத்தான் வைத்திருந்தேன், அம்மா அக்கா எல்லோர் கணினியிலும் நானே போட்டுக் கொடுத்தேன்.

சரி, அது வேண்டாம், ஏவிஜிக்கு மாறலாம் என்பார்கள். ஏவிஜியை 2016-இலேயே அவாஸ்ட் 130 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. அவிரா நார்ட்டன்காரர்களிடம் போனது. 2022 செப்டம்பரில் நார்ட்டனும் அவாஸ்டும் ஒன்றாகி, இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனம். ஆக அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் ஒரே வீடு. அதிலிருந்து இதற்கு மாறினேன் என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வெளியே நிற்கும் இலவசங்கள் என்றால் பிட்டிஃபெண்டர், காஸ்பர்ஸ்கி மாதிரி சில இருக்கின்றன. காஸ்பர்ஸ்கி நன்றாகவே பிடிக்கும், ஆனால் 2024-இல் அமெரிக்கா தடை போட்டபோது அங்கே இருந்தவர்களின் கணினியில் கேட்காமலேயே அல்ட்ராஏவி என்ற வேறொரு நிரல் வந்து உட்கார்ந்தது.

ஒளிப்படக்காரன் எழுதியது:

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதே இல்லை. இன்றைக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

விருதுநகர் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிறேன். 2021-இல் ஆல்பம் வடிவமைக்கும் ஒரு மென்பொருளின் கிராக் பதிப்பை, அதாவது காசு கட்டாமல் ஓட்டுகிற திருட்டுப் பதிப்பை, இறக்கினேன். உடன் வந்த குறிப்பில் முதல் வரியே, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும் என்பதுதான். டிஃபெண்டர் தடுத்தது. சிவப்பு எழுத்தில் சொன்னது. நான்தான் அணைத்தேன். கிராக் என்றால் எப்போதும் அப்படித்தானே சொல்லும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அதையே நம்பினேன்.

இருபது நிமிடத்தில் எல்லாப் படத்தின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு குறிப்பு, 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் 490 என்று. ஸ்டாப் டிஜேவியூ என்கிற ரகம் அது, பெரும்பாலும் கிராக் வழியாகத்தான் வரும் என்று பின்னால் தெரிந்தது. காப்புக்கு வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்கும் அந்த நேரம் செருகியே இருந்தது, அதுவும் போய்விட்டது.

இரண்டு கல்யாணம் முழுதாகப் போனது. ஒரு வீட்டில் மணப்பெண்ணின் பாட்டி, கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் தவறிவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்த படம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெண் போனில் பாட்டி படம் ஒன்றாவது கிடைக்குமா அண்ணா என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

நான் செய்த இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் இரண்டு டிஸ்கையும் ஃபார்மட் செய்தேன். இந்த ரகம் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும், அதனால் பெரிய வீடியோக்களில் பலவற்றை ஓரளவு மீட்கலாம் என்று ஆறு மாதம் கழித்துத்தான் படித்தேன். அதற்குள் எல்லாம் அழிந்திருந்தது. யாருக்காவது இப்படி நடந்தால் எதையும் அழிக்காதீர்கள், பணமும் கட்டாதீர்கள். நோ மோர் ரேன்சம் என்ற தளத்தை ஐரோப்பியக் காவல்துறையும் சில நிறுவனங்களும் சேர்ந்து 2016-இலிருந்து நடத்துகின்றன, பூட்டிய கோப்பைக் காட்டினால் திறக்க வழி இருக்கிறதா என்று சொல்வார்கள். இன்று வழி இல்லை என்றாலும் பின்னால் வரலாம்.

பழுதுபார்ப்பவன் எழுதியது:

இதை எழுதியதற்கு நன்றி நண்பரே. கடைக்கு இதே மாதிரி கோப்புகளோடு வந்தவர்களை நான் வெறும் கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், அந்த முகங்கள் மறக்காது.

இதைப் படிக்கிறவர்கள் இப்போதே ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'. 2017 அக்டோபர் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10-இல் இருக்கிறது, ஆனால் தானாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும். அதற்கப்புறம் தெரியாத நிரல் எதுவும் உங்கள் படங்கள், ஆவணங்கள் ஃபோல்டரில் கை வைக்க முடியாது. ஆரம்பத்தில் நல்ல நிரல்களையும் சில முறை தடுக்கும், அனுமதி கொடுத்துவிட்டால் போதும். வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிவிடும், இந்த வசதியும் வேலை செய்யாது. டிஃபெண்டரை அணைத்துவிட்டு கிராக் போட்டால் இதுவும் சேர்ந்து அணைந்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். வெளி டிஸ்கைக் காப்பி எடுத்தவுடன் கழற்றிப் பீரோவில் வையுங்கள்.

பெங்குவின் எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு பாடு படுவதைப் பார்த்தால், அப்பாவுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அவர் செய்வது அத்தனையும் பிரௌசருக்குள் நடக்கிற வேலை. என் மாமனாருக்கு மூன்று வருடமாக அதுதான், கணினி முன்பைவிட வேகம்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, அந்த ஐ3-இல் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, குறைந்தது எட்டாம் தலைமுறை வேண்டும். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் வைரஸ் பட்டியல் வேறு, விண்டோஸில் இருக்கிற ஓட்டையை அடைக்கிற அப்டேட் வேறு. 2017 மே 12 அன்று பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரையை நினைத்துப் பாருங்கள். அந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே அப்டேட் வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள், போடாமல் தள்ளிப் போட்ட மருத்துவமனைகளும் ஆலைகளும்தான் மாட்டின.

கணக்குப்பிள்ளை எழுதியது:

லினக்ஸ் நல்லதுதான் தம்பி, ஆனால் ஒரு நாள் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் கும்பகோணத்தில் யார் வந்து பார்ப்பார்கள்? பையன் ஓசூரில் இருக்கிறார். அப்பாவுக்குப் பழகிய இடத்தில் பொத்தான் இருப்பதும் ஒரு பாதுகாப்புதான்.

பெங்குவின் எழுதியது:

அது சரிதான் அக்கா. என் மாமனார் வீடு பக்கத்துத் தெரு, அதை நான் யோசிக்கவில்லை.

இரவுப்பணி எழுதியது:

ஒரு விஷயம் விட்டுப்போனது. அப்பாவிடம் வாட்ஸ்அப் இருக்கும் இல்லையா? இப்போது பெரியவர்களின் பணம் போவது கணினியைவிட போன் வழியாகத்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதச் சலான் என்று ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவுகிற கோப்பு) அனுப்புவார்கள், நிறுவினால் வங்கியின் ஓடிபி அவர்களுக்குப் போய்விடும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும் என்று சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

சனிக்கிழமை போய் வந்தேன். நோட்டிஃபிகேஷன் பட்டியலில் 23 தளங்கள் இருந்தன, எல்லாவற்றையும் நீக்கினேன். இலவச ஆன்டிவைரஸைக் கழற்றினேன், சாதாரணமாகக் கழற்றியபோது மிச்சம் மீதி இருந்தது, அந்த நிறுவனமே தருகிற நீக்கும் கருவியைப் போட்டுத்தான் முழுதாகப் போனது. ரீஸ்டார்ட் செய்ததும் டிஃபெண்டர் தானாக எழுந்துகொண்டது. முழு ஸ்கேன் ஓட நான்கு மணி நேரம் ஆனது, ஒன்றும் இல்லை. ஃபோல்டர் பாதுகாப்பையும் இயக்கினேன். கச்சேரி ஒலிப்பதிவுகளும் தாத்தாவின் பழைய படங்களும் இப்போது ஒரு பென் டிரைவில், அம்மாவின் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில்.

அப்பா தன் டைரியில் மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டார்: அலவ் அழுத்தக்கூடாது, ஏபிகே திறக்கக்கூடாது, 1930. இரண்டு நாளாகப் போன் வரவில்லை என்று நானே போட்டேன், மதுரை சோமு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். விண்டோஸ் 10-க்குக் கூடுதல் ஒரு வருட அப்டேட் 2026 அக்டோபர் வரை உண்டு என்கிறார்களே, அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது. அப்பா பெயரில் புதிதாகத் தொடங்கவா, என் கணக்கையே போடவா?

பழுதுபார்ப்பவன் எழுதியது:

அப்பா பெயரிலேயே தொடங்குங்கள் தம்பி. மீட்பு எண்ணாக உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். அடுத்த முறை போகும்போது பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான ஒரு எஸ்எஸ்டி வாங்கிக்கொண்டு போங்கள், அந்த நான்கு மணி நேர ஸ்கேன் எவ்வளவோ குறையும்.